பலகை வைத்தேன், குப்பை கூடியது!

போன கோடையில் என் கிடாரி ஒன்று தீனி எடுக்காமல் நாலு நாள் கிடந்து செத்துப்போனது. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் வயிற்றிலிருந்து பாலிதீன் பை உருண்டையை எடுத்துக் காட்டினார். மிச்சச் சோற்றைப் பையில் முடிந்து என் வரப்போரம் யாரோ வீசியிருக்கிறார்கள். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாதே, பையோடு தின்றுவிட்டது.

ஆத்திரத்தில் ஒரு பலகை வைத்தேன்: 'எல்லாரும் இங்கே குப்பை கொட்டி ஊரை நாசமாக்குகிறீர்கள்!' ஒரே மாதத்தில் பலகையின் அடியிலேயே குப்பை குவிந்தது. ஏன் என்று தேடியபோதுதான் நடத்தை அறிவியல் பற்றிப் படித்தேன். அதில் நமக்கு உதவும் மூன்று பாடங்களைச் சொல்கிறேன்.

பாடம் 1: ஊரோடு ஒத்துப்போவது மனித இயல்பு

அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தேசியப் பூங்கா. நம்ம திருவக்கரையில் இருப்பதைப் போன்ற கல்மரங்கள் அங்கே உண்டு. துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப் போனார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவரது குழுவும் அங்கே பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 'பலர் எடுத்துப் போய்விட்டதால் காடு அழிகிறது' என்ற பலகை இருந்தபோது திருட்டு கூடியது. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்றபோது குறைந்தது. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று திட்டும்போது, 'அப்படியானால் நானும் செய்தால் என்ன?' என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது.

என் பலகையும் அதே தப்பைத்தான் செய்தது. மாற்றி எழுதினேன்: 'இந்தத் தெருவில் 11 வீடுகள் மக்கும் குப்பையைப் பிரித்துத் தருகின்றன.' வீடு கூடக்கூட எண்ணையும் மாற்றினேன். பொய்க்கணக்கு மட்டும் எழுதாதீர்கள், ஊருக்குத் தெரிந்துவிடும்.

பாடம் 2: கைவிட்டுப் போவது வலிக்கும்

ஒரு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஒரு ரூபாய் போகும் வலி பெரிது. டேனியல் கானமன், அமோஸ் ட்வர்ஸ்கி இருவரும் 1979-ல் இதை விளக்கினார்கள். வங்கியில் நான் கண்கூடாகப் பார்த்ததுதான். மற்ற கடனை இழுத்தடிப்பவரும் அம்மாவின் சங்கிலியை ஏலத்துக்கு விடமாட்டார்.

நீலகிரியில் 2022 முதல் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழிக்க வேண்டிய கண்ணாடி கடைக்குத் திரும்பி வருகிறது. அந்த 10 ரூபாயை யாரும் பரிசாக நினைப்பதில்லை, தன் காசு என்றுதான் நினைக்கிறார்கள். நம்ம இயற்கைச் சந்தைகளில் எண்ணெய், தேன் விற்கும் கண்ணாடிப் புட்டிக்கும் இப்படி முன்பணம் வாங்கலாம்.

பாடம் 3: நல்லதைச் சுலபமாக்கு

முதலில், 'காய்கறிக் கழிவை என் எருக்குழிக்குக் கொண்டுவாருங்கள்' என்றேன். அரை கிலோமீட்டர் நடந்து யார் வருவார்கள்? இப்போது வாசல் தெளிக்கும் நேரத்துக்கு நம்ம வண்டி தெருவுக்குப் போகிறது. மூடி போட்ட வாளியை வாசலில் வைத்தால் போதும். ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டால் அது நிலைக்கும்.

இன்று 26 வீடுகள் தருகின்றன. கத்தரிப் பாத்திக்கு மட்கு எருவும் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்டினால், அதை ஒருநாள் பார்த்தாலே போதும், அடுத்த நாள் யாரும் பிரிக்கமாட்டார்கள். ஆகவே முதலில் ஊராட்சியோடும் தூய்மைக் காவலர்களோடும் பேசி அந்த ஏற்பாட்டைச் சரிசெய்யுங்கள். மக்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. பிளாஸ்டிக் உறையில் பொருளை விற்கும் நிறுவனங்களுக்கும் அந்தக் கழிவில் பொறுப்பு உண்டு என்று 2016-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது நம்ம இயக்கத்தின் வேலை.

உங்கள் ஊரிலும் திட்டுகிற பலகை இருந்தால் இந்த வாரமே கழற்றுங்கள். ஒழுங்காகச் செய்யும் வீடுகளை எண்ணி எழுதுங்கள். இரண்டு வீடு என்றாலும் பரவாயில்லை, 'தொடங்கிவிட்டார்கள்' என்று எழுதுங்கள். என் வரப்போரம் இன்னமும் எப்போதாவது ஒரு முடிச்சுப் பை கிடக்கிறது. மாட்டை அவிழ்ப்பதற்கு முன் நான் அதை அவிழ்த்துவிடுகிறேன்.