சிலிண்டருக்கு முன்னால் ஆம்பு பேக்

பிரசவ வார்டில் முதல் போஸ்டிங்கா? டூட்டி ஏற்றதும் கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்கு முன் வார்மர் பக்கம் போங்கள். சூடு ஏறுகிறதா பாருங்கள். ஆம்பு பேக்கின் மாஸ்க்கை உள்ளங்கையில் பதித்துப் பையை அமுக்குங்கள். கையில் அழுத்தம் தெரிய வேண்டும். காற்று கசிந்தால் உடனே மாற்றுப் பை கேளுங்கள். 0, 1 என்ற இரண்டு அளவு மாஸ்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு நிமிட வேலைதான். குழந்தை பிறந்த பிறகு அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது.

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ பத்துக்கு மூச்சைத் தொடங்க ஏதேனும் உதவி வேண்டியிருக்கிறது. துடைத்து, முதுகைத் தேய்த்து, தலையைச் சற்றே நிமிர்த்தியும் மூச்சு வரவில்லையென்றால், முதல் நிமிடம் முடிவதற்குள் பையை அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் சிலிண்டரைத் திறக்க ஓடுவார், இன்னொருவர் டாக்டருக்குப் போன் போடுவார். டாக்டரைக் கூப்பிடத்தான் வேண்டும். அதை அருகில் இருப்பவரிடம் விடுங்கள். உங்கள் கை பையை விட்டு அகலக் கூடாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. கண் மார்பில் இருக்கட்டும். மார்பு எழவில்லையா? மாஸ்க்கை மறுபடி பொருத்துங்கள், தலையைச் சரிசெய்யுங்கள், வாயில் சளி இருந்தால் எடுங்கள். மார்பு எழும்படி 30 விநாடி மூச்சு கொடுத்தும் இதயத் துடிப்பு 60-க்குக் கீழேயே நின்றால்தான் மார்பை அழுத்த வேண்டும்: மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. ஆக்சிஜனை முழுதாகக் கூட்டுவதும் அப்போதுதான்.

நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம். முழு ஆக்சிஜன்தான் நல்லது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்று 1998-ல் வெளியான ஆய்வு, காற்றே போதும் என்று காட்டியது. 2010-ல் உலக வழிகாட்டுதலும் மாறியது. மூச்சடைத்துக் கிடந்த உடலில் திடீரென ஆக்சிஜன் மிகுந்தால், செல்களை அரிக்கும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன.

இன்னொரு வேலை, பலர் விட்டுவிடுவது. தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றா, நீரில் நாற்றம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். கருப்பைத் தொற்றின் அழற்சியில் ஏற்கெனவே நொந்த குழந்தையின் மூளை, ஆக்சிஜன் குறையும்போது இன்னும் எளிதில் பாதிக்கப்படும். மூச்சடைத்துப் பிறந்த குழந்தையின் மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையை நீங்களாகவே தொடங்கிவிடும் ஆர்வமும் வேண்டாம். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், மேலைநாடுகளில் பலன் தந்த அந்தச் சிகிச்சை இறப்பையோ ஊனத்தையோ குறைக்கவில்லை. இறப்பு கூடவே செய்தது. அதற்காக வார்மரில் குழந்தையைக் கொதிக்கவும் விடாதீர்கள். மூச்சடைத்துப் பிழைத்த மூளைக்குக் காய்ச்சலும் எதிரிதான்.

குழந்தையை எஸ்.என்.சி.யூ.வுக்கு (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) அனுப்பும்போது பிறந்த நேரம், பை தொடங்கிய நேரம், முதல் மூச்சு வந்த நேரம், அம்மாவின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சீட்டில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேராது.