விறகடுப்பு: பற்ற வைக்கும் முன்பும் அணைத்த பின்பும்



ஒரு குழுக் கூட்டத்தில் "இன்னைக்கு விறகடுப்பைப் பத்திப் பேசலாம்" என்று ஆரம்பித்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, நாப்பது வருஷமா அடுப்பு ஊதுறேன். எனக்கு நீ அடுப்பு மூட்டச் சொல்லித் தரப் போறியா?" என்றார்.

நியாயமான கேள்விதான். அடுப்பு மூட்டுவதை நான்தான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால் வேறு கேள்வி கேட்டேன். "சரி பெரியம்மா, சமையல் முடிஞ்ச அப்புறம் என்ன செய்வீங்க?"

"தண்ணி தெளிச்சுட்டுப் போயிடுவேன்."

"சாம்பலை?"

"காலையில அள்ளி எருக்குழியில கொட்டுவேன்."

எருக்குழிக்குப் பத்தடி தள்ளி வைக்கோல் போர் நின்றது. அதைக் காட்டினேன். அவரே, "ஆமா, காத்து அடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேஸ் வந்த பிறகும் ஏன் இந்தப் பாடம்?

இன்று நிறைய வீடுகளில் கேஸ் அடுப்பு இருக்கிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வாங்கியவர்களும் நம் குழுக்களில் உண்டு. ஆனால் சிலிண்டர் விலையைப் பார்த்து, வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், விசேஷத்துக்குச் சமைக்கவும் விறகடுப்பையே மூட்டுகிறோம். வீடு தளம் போட்ட வீடாக மாறியிருக்கும். விறகடுப்பு மட்டும் கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்குள் இருக்கும். ஆபத்து அங்கேதான்.

2004 ஜூலை 16-ஆம் தேதியை நம் மாவட்டம் மறக்காது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த கூரைச் சமையலறையில் தீப்பிடித்தது. அந்தத் தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. பள்ளிக் கூரை மாறியது. நம் வீட்டு அடுப்புக்கு மேலே இருக்கும் கூரையை யார் மாற்றுவது? நாம்தான்.

1. அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலேயும் பாருங்கள்

கொட்டகை முழுவதையும் மாற்ற வசதி இல்லை என்றால், அடுப்புக்கு நேர் மேலே உள்ள கீற்றை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போடுங்கள். கீற்றுக்கு அடியில் ஷீட்டைச் சேர்த்துக் கட்டினால் போதாது. சூடு ஏறி மேலே உள்ள கீற்று பற்றிக்கொள்ளும். அடுப்பு கீற்றுத் தட்டியை ஒட்டி இருக்கக் கூடாது. பக்கத்தில் மண் சுவரோ செங்கல் சுவரோ இருக்கட்டும்.

விறகு காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவதும், அடுப்பைச் சுற்றிப் பரப்பி வைப்பதும் நம் பழக்கம். அன்றைக்கு வேண்டிய விறகை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பிளாஸ்டிக் குடம் எதுவும் அடுப்படியில் வேண்டாம்.

2. காய்ந்த விறகு, குறைந்த புகை

ஈர விறகில் சூட்டின் ஒரு பகுதி அதன் ஈரத்தைப் போக்கவே போய்விடும். புகையும் அதிகமாகி நம் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே, குறுவை அறுப்புக் காலத்திலேயே விறகைப் பிளந்து, கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் ஷீட் போட்டு மூடுங்கள். பக்கவாட்டில் காற்றுப் போகட்டும். கருவை முள்ளோ தென்னை மட்டையோ, இரண்டு மூன்று விரல் தடிமனுக்குப் பிளந்தால் நன்றாக எரியும்.

மழைக்காலத்தில் விறகுக்குள் பாம்பும் தேளும் ஒதுங்கும். கம்பால் தட்டிவிட்டு அப்புறம் கையை விடுங்கள். அரளிக் குச்சி, பெயிண்ட் அடித்த பலகை, டயர், பிளாஸ்டிக் பை ஆகியவற்றை எரிக்கவே கூடாது. அந்தப் புகை விஷம்.

வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள். கர்ப்பிணிகளைப் புகையில் உட்கார வைக்காதீர்கள்.

3. மூட்டும்போது

* முதலில் கம்பால் அடுப்புக்குள் துழாவிப் பாருங்கள். பூனைக்குட்டியும் இருக்கலாம், நேற்றைய கங்கும் இருக்கலாம்.
* முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்கள். பருத்திப் புடவை நல்லது. நைலக்ஸ், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.
* பன்னாடை, சிராய், கொட்டாங்கச்சி வைத்துப் பற்ற வையுங்கள். கங்கு இருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள்.
* அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள். அடியில் காற்றுப் போனால்தான் புகை குறையும்.
* முந்தானையால் பாத்திரத்தை இறக்காதீர்கள். தடித்த பிடிதுணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.
* எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தட்டால் மூடிவிட்டு விறகை வெளியே இழுங்கள்.

4. அணைத்த பிறகு

அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். விறகை வெளியே இழுத்து, நுனியைத் தண்ணீரில் நனைத்து அணையுங்கள். அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றினால் சூடான மண் வெடித்துவிடும். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். சாம்பலை மூடியுள்ள தகர டின்னிலோ மண் சட்டியிலோ அள்ளி, தண்ணீர் தெளித்துக் கிளறி, ஒரு நாள் வைத்திருந்து பிறகு கொட்டுங்கள். வைக்கோல் போர் பக்கம் வேண்டாம். ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும்.

குளிருக்கு என்று தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

5. அடுப்பைப் பராமரித்தல்

இதில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் சில வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்தோம். எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்துப் போனால் பாதி அடுப்பு இடித்துக் கிடந்தது. "புகை வீட்டுக்குள்ளயே சுத்துதும்மா" என்றார்கள். குழாய்க்குள் கரி அடைத்திருந்தது. சுத்தம் செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லியே தரவில்லை. 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த மத்திய அரசின் புகையில்லா அடுப்புத் திட்டத்திலும் பல அடுப்புகள் பராமரிப்பு இல்லாமல்தான் வீணாயின. அடுப்பு கட்டுவது ஒரு நாள் வேலை. பார்த்துக்கொள்வது தினசரி வேலை.

* தினமும்: சாம்பலை அள்ளுங்கள். சாம்பல் நிறைந்தால் காற்றுப் போகாது.
* வாரம் ஒரு முறை: விரிசல் பாருங்கள். உதிர்ந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, உமியும் சாணமும் கலந்து ஊற வைத்த களிமண்ணால் அடையுங்கள். நிழலில் நன்கு காய்ந்த பிறகு முதலில் சின்னத் தீ போடுங்கள்.
* குமிழ்களைப் பாருங்கள். ஒன்று தேய்ந்தாலும் பானை சாயும். வெந்நீர்ப் பானை கவிழ்ந்து குழந்தைகள் வேகும் விபத்து இப்படித்தான் நடக்கிறது.
* மாதம் ஒரு முறை: அடுப்பு ஆறிய பிறகு, நீளக் கழியில் துணியைச் சுற்றிப் புகைபோக்கியைத் துடையுங்கள். அதில் படியும் கரியும் தீப்பிடிக்கும்.

6. தீப்பட்டுவிட்டால்

புடவையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தீ அதிகமாகும். தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் ஊற்றலாம், அல்லது ஜமுக்காளத்தாலோ ஈரச் சாக்காலோ போர்த்தி அணைக்கலாம். பிறகு தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் விடுங்கள். வளையல், மோதிரத்தை வீங்கும் முன்பே கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, இங்க், மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101. இரண்டு எண்களையும் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

குழுவில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேருடைய அடுப்புக்கு மேலே கீற்று இருக்கிறது? எண்ணிப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
2. தகர ஷீட் வாங்க உள்கடன் கொடுக்கலாமா? ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்கிறோமே, கூரைக்கு ஏன் கூடாது?
3. சாம்பல் டின் இல்லாத வீடு எது? அடுத்த கூட்டத்துக்குள் யார் வாங்கித் தருவது?

ஆரம்பத்தில் சொன்ன பெரியம்மா இப்போது சாம்பலைப் பழைய எண்ணெய் டின்னில் மூடி வைக்கிறார். போன முறை போனபோது என்னிடம், "வைக்கப்போர தள்ளிப் போட்டாச்சு. கூரைக்குத்தான் கடன் கேட்டிருக்கேன். நீ வந்து கூட்டத்துல சொல்லு" என்றார். சொல்லியிருக்கிறேன். உங்கள் குழுவில் நீங்கள் சொல்லுங்கள்.