பேரேடு ஒன்றாக இருக்கட்டும்



திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கடையில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் இன்னொன்று. இரவு கடை கட்டும்போது பையன் பென்டிரைவில் கணக்கை எடுத்துப்போய் மற்றதில் ஏற்றுவான். ஒருநாள் பழைய நகலைப் புதியதன் மேல் ஏற்றிவிட்டான். அன்றைய வரவு முழுதும் அழிந்தது. அது தெரியாமல் வசூலுக்குப் போனவர், சிதம்பரம் மேலவீதியில் இருபது வருடமாக நம்மிடம் சரக்கெடுக்கும் மளிகைக்காரரிடம், கட்டிய பணத்தையே திரும்பக் கேட்டுவிட்டார். அதுவும் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது. நானே பஸ் ஏறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் சரக்கெடுக்கிறார், ஆனால் ரசீதை இரண்டு தடவை படித்த பிறகே மடித்து வைக்கிறார்.

பையனை ஏசிப் பயனில்லை. ஒரு கடைக்கு இரண்டு பேரேடு வைத்தது என் தவறு.

கணக்கை ஒரே பெட்டியில் வைத்து, எல்லா மேசையிலிருந்தும் அதையே திறக்க வேண்டும். அந்தப் பெட்டிதான் சர்வர். யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸை அதில் போடலாம், விலை இல்லை. ஆனால் நம் மேசைகளில் இருப்பது விண்டோஸ். ஃபைல்களைப் பகிர விண்டோஸ் பேசும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதை யூனிக்ஸ் பெட்டிக்கும் பேசக் கற்றுக்கொடுத்த மென்பொருள் 'சாம்பா'. கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் இதைத் தொடங்கினார். கம்பியில் போகும் தகவலைக் கவனித்தே அந்த மொழியைப் பிடித்தாராம். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடிப் பெயர் வைத்தார். இதுவும் இலவசம்தான். அமைத்துத் தருபவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள்.

அமைத்தபின் மேசைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு டிரைவ் போலத் தெரியும், அவ்வளவுதான். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். குடோன் பையன் ஸ்டாக்கை மட்டும் பார்ப்பான். கடன் பாக்கி அவன் கண்ணில் படாது. ஒன்று முக்கியம்: கணக்கு மென்பொருளே பலர் ஒரே நேரத்தில் எழுத இடம் தர வேண்டும். விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் சாம்பா இருந்தும் கணக்குக் குழம்பும்.

சிதம்பரத்தில் கிளை இருந்தால் வி.பி.என். வழியாக மட்டும் இணையுங்கள். பகிர்வுக் கதவை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறக்கக்கூடாது. 2017 மே மாதம் 'வானாக்ரை' வைரஸ் பழைய எஸ்.எம்.பி. ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அதே மாதம் சாம்பாவிலும் வேறொரு ஓட்டை தெரிந்து அடைக்கப்பட்டது. ஆகவே புதுப்பித்தலைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாம் ஒரே பெட்டியில் என்றால், அது போனால் எல்லாம் போகும். 2015 வெள்ளத்தில் தரையில் கிடந்த மூட்டைகள் என்னவாயின என்று கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வரை உயரப் பலகையில் வையுங்கள், யு.பி.எஸ். கொடுங்கள். தினமும் ஒரு நகல் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.