மரம் வெட்டாமல் சந்தன வாசனை!

"மரமே இல்லாமல் சந்தன எண்ணெய் தயாரிக்கிறாங்களாமே, அது கலப்படம்தானே டாக்டர்?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கலப்படம் இல்லை. அதற்காக மருந்தென்றும் நினைத்துவிடாதீர்கள். ஏன்?

சந்தன மரத்தில் எண்ணெய் இருப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும்தான். நல்ல எண்ணெய் கிடைக்க 15 முதல் 30 வருஷம் காத்திருக்கணும். வேரும் வேண்டுமே, அதனால் மரத்தை அடியோடு தோண்டி எடுப்பார்கள். விளைவு? 1998-ல் அழியக்கூடிய நிலையிலுள்ள மரங்களின் உலகப் பட்டியலில் சந்தனமும் சேர்ந்துவிட்டது.

இந்த எண்ணெயின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஆல்ஃபா சாண்டலால், பீட்டா சாண்டலால் என்ற இரண்டு பொருட்கள். தரமான எண்ணெயில் முதலாவது 41–55 சதவீதமும், அடுத்தது 16–24 சதவீதமும் இருக்கும்.

இதை நுண்ணுயிர் எப்படித் தரும்? ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டைத் தெரியுமில்லையா? அது சர்க்கரையைத் தின்று, தன் உடம்பைக் கட்ட ஒரு மூலப்பொருளைச் செய்துகொள்கிறது. சந்தன மரம் மணத்தை உண்டாக்குவதும் அதே மூலப்பொருளிலிருந்துதான்! மரத்திடம் கூடுதலாக இருப்பது சில நொதிகள். அவற்றில் முதல் நொதிக்கான மரபணுவை ஆஸ்திரேலிய, கனடா ஆய்வாளர்கள் 2011-ல் கண்டறிந்தார்கள். இத்தகைய மரபணுக்களை நுண்ணுயிருக்குள் புகுத்தினால், அதுவே சாண்டலாலைச் செய்யத் தொடங்கிவிடும். மரத்துக்கு வருஷங்கள், தொட்டியில் சில நாட்கள்! பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம், பாக்டீரியா மூலம் தயாரித்த சாண்டலாலை 2020-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சோப்புக்கும் சென்ட்டுக்கும் இது போதும், மரமும் பிழைக்கும். மருந்து விஷயம் வேறு. மரத்து எண்ணெயில் இன்னும் பல கூறுகள் உண்டு. எல்லாம் அதே விகிதத்தில் தொட்டியிலும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நம் சித்த மருத்துவம் அனுபவத்தில் கண்டது முழு எண்ணெயைத்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* வாசனைக்காக விற்கும் எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

* எந்தச் சந்தன எண்ணெயானாலும் தேங்காய் எண்ணெயில் கலந்து, முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் வேண்டாம்.

* நீர்க்கடுப்புக்குச் சந்தன எண்ணெய் நல்லது என்று கேள்விப்பட்டு நீங்களாகவே குடிக்காதீர்கள். மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள்.

வாசனை ஒன்றாக இருக்கலாம். மருந்து என்று நம்பி வாயில் விடும்முன் லேபிளைப் படியுங்கள்!