பாடம் 9: மடித்து வைத்த ஆடைகள்

தில்லியில் தசரா முடிந்ததும் காற்றில் ஒரு மாற்றம் தெரியும். அதிகாலையில் மின்விசிறி வேண்டாம் என்று தோன்றும். அந்நாள்களில் பல வீடுகளில் கட்டிலின் அடிப்பெட்டியைத் திறந்து கம்பளி ஆடைகளையும் ரஜாய்களையும் வெளியே எடுப்பர். மார்ச்சு மாதத்தில் அவை மீண்டும் உள்ளே செல்லும். சென்னையிலோ மதுரையிலோ வாழும் நம் உறவினர்க்கு இந்த வேலை இல்லை. வெயிலுக்கும் குளிருக்கும் தனித்தனியே ஆடை வைத்துக்கொள்ள வேண்டிய வட இந்திய வீட்டில் அலமாரி விரைவில் நிரம்பிவிடுகிறது.

அலமாரியை ஒழுங்குபடுத்துவது என்றால் ஆடைகளை மீண்டும் அழகாக மடித்து அடுக்குவது என்றே பலரும் நினைக்கின்றனர். அது பாதி வேலைகூட அன்று. ஒரு தட்டை முழுவதும் காலி செய்து, ஒவ்வோர் ஆடையையும் கையில் எடுத்து, ‘சென்ற ஆண்டு இதை யார் உடுத்தினார்?’ என்று கேட்க வேண்டும். விடை கிடைக்காத ஆடையைத் தனியே வைக்க வேண்டும். ஒரே நாளில் வீடு முழுவதையும் கலைத்துவிட்டால் இரவில் படுக்க இடம் இராது. ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

‘இருக்கட்டும், பத்திரமாகப் பூட்டி வைப்போம்’ என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். ஆனால், பூட்டி வைத்தால் துணி பிழைத்துவிடும் என்பதில்லை. இருட்டான, யாரும் தொடாத இடத்தையே அந்துப்பூச்சி நாடுகிறது. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் புழுவே கம்பளியையும் பட்டையும் அரிக்கிறது. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். ஆகவே, கம்பளியைத் துவைத்து, நன்கு வெயிலில் உலர்த்திய பின்பே உள்ளே வைக்க வேண்டும்.

அந்தை விரட்டுவதால் அந்துருண்டை என்று பெயர். சில ஊர்களில் பாச்சை உருண்டை என்பர். அது உருகாமலேயே ஆவியாகிச் சிறுத்துப்போகும். அறிவியல் இதனைப் பதங்கமாதல் என்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே உருண்டையைத் துணியில் முடிந்து ஆடைகளின் மேற்பகுதியில் வைப்பதே முறை. அது நஞ்சு என்பதை மறக்கலாகாது. சிறு குழந்தைகளின் கைக்கு எட்டவும் கூடாது. கைக்குழந்தையின் ஆடைகளோடு வைக்கவும் கூடாது. வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிமார் பயன்படுத்தியவை.

அம்மாவின் கூறைப்புடவைக்கு வேறு வகைக் கவனம் தேவை. காஞ்சிபுரப் பட்டு பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்தால், அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதனைப் பிரித்து, வெயில் படாத நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். நெகிழிப் பையில் ஈரம் தங்கும், சரிகை கறுக்கும். தூய பழைய வேட்டித் துணியில் சுற்றுவது நல்லது. அந்துருண்டை பட்டின்மேல் நேரே படலாகாது.

அடுக்கும் முறை எளியது. அன்றாட ஆடைகள் கைக்கு எட்டும் தட்டில், கனமானவை கீழே, பருவம் கழிந்தவை மேலே. காற்றுப் புகச் சிறிது இடம் விட வேண்டும்.

இனி, தனியே வைத்த ஆடைகளுக்கு வருவோம். உங்களுக்குச் சிறியதாகிவிட்ட ஸ்வெட்டரைப் பார்த்து, “தம்பிக்கு ஆகும்” என்று அம்மா எடுத்து வைப்பார். தம்பி அந்த அளவுக்கு வளர நான்கு குளிர்காலங்கள் ஆகலாம்! அதுவரை அது யாருடைய உடலுக்கும் சூடு தராமல் கிடக்கும். தில்லியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சில நாள்களில் 5 பாகைக்கும் கீழே இறங்கும். அந்த இரவுகளைச் சாலையோரத்தில் கழிக்கும் சிறுவர்கள் உள்ளனர். அக்டோபரில் கொடுத்த ஸ்வெட்டர் குளிர்காலம் முழுவதும் உதவும். பிப்ரவரி இறுதியில் கொடுத்தால், பெறுபவர் அதனை அடுத்த குளிர் வரை காத்து வைக்க வேண்டும். அவரிடம் அலமாரி இல்லை.

1999இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, நகரங்களில் கிடைக்கும் ஆடைகளைப் பெற்றுத் தரம் பிரித்து ஊரகங்களுக்கு அனுப்புகிறது. அங்குள்ள மக்கள் கிணறு வெட்டுதல், பாதை செப்பனிடுதல் போன்ற பொதுப்பணிகளைச் செய்து, அவற்றுக்கு ஈடாக ஆடைகளைப் பெறுகின்றனர். உழைத்துப் பெறும் பொருளாகையால் கிழிந்ததையும் அழுக்கானதையும் அனுப்புதல் முறையன்று.

கிழிந்த துணிக்கும் வாழ்வு உண்டு. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா போர்வை ஆக்குவர். தமிழகத்தில் பழைய நூற்சேலை குழந்தைக்குத் தூளியாகும். அரியானாவின் பானிபட்டு நகரிலோ பழைய கம்பளிகளைப் பிய்த்து, மீண்டும் நூலாக நூற்றுப் போர்வை நெய்கின்றனர்.

ஒன்றைமட்டும் அவசரத்தில் செய்யலாகாது. பணிமாற்ற ஆணை வந்தபின் பெட்டி கட்டும் வீட்டில், தாத்தாவின் அங்கவஸ்திரம் பழைய துணிகளோடு சேர்ந்து போய்விடக்கூடும். பார்ப்பவர்க்கு அது வெறும் வெள்ளைத் துணி. உடுத்தாவிட்டாலும் வைத்திருக்கத்தக்க ஆடைகள் ஒவ்வொரு வீட்டிலும் சில உண்டு. அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, யாருடையது என ஒரு சீட்டில் எழுதி உள்ளே இடுங்கள்.

சொற்பொருள்
கூறைப்புடவை – திருமணத்தில் மணமகள் உடுத்தும் புடவை
இற்றுப்போதல் – நைந்து அறுதல்
தூளி – துணியால் கட்டிய தொட்டில்
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு

பயிற்சி
1. கம்பளி ஆடையைத் துவைத்த பின்பே உள்ளே வைக்க வேண்டும் என்பது ஏன்?
2. ‘அவரிடம் அலமாரி இல்லை’ – இத்தொடர் உணர்த்துவதை உம் சொற்களில் எழுதுக.
3. நீர் வாழும் மாநிலத்தில் பழைய துணியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? அண்டை வீட்டாரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் வீட்டில் உள்ள பழைய ஆடை ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அதனுடன் வைக்கத்தக்க சீட்டைத் தமிழில் எழுதுக.