வீட்டு மரத்தில் எலக்ட்ரிக் கிட்டார் செய்யப் புறப்பட்டவர்களுக்கு

கொல்லையில் சாய்ந்த பலாவைக் காட்டி, "இதில் கிட்டார் வருமா?" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். வரும். எல்லோரும் மரத்தின் பெயரைத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது அதன் ஈரத்தை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1. பெயரில் மயங்காதே. முழுக்கட்டை கிட்டாரில் ஒலியைப் பெருக்க உள்ளே வெற்றிடம் கிடையாது. அதிரும் எஃகுக் கம்பியை பிக்கப்பின் காந்தமும் செம்புச் சுருளும் மின்சாரமாக்குகின்றன, மீதியை ஆம்ப் பார்த்துக்கொள்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற 'ஃபிரையிங் பேன்' வார்ப்பு அலுமினியம். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-ஐ ஒட்டித் தனக்காகச் செய்துகொண்ட 'லாக்' நடுவில் வெறும் பைன் கட்டை. லியோ ஃபெண்டரின் ஆரம்ப மாதிரிகளும் பைன்தான். ஆல்டர் கிடைக்கவில்லை, மஹோகனி கிடைக்கவில்லை என்று ஏங்குகிறவர்களுக்கு இது போதும். மரம் ஒலியை மாற்றவே மாற்றாது என்று நான் வாதாட மாட்டேன். பிக்கப்பும் பிரிட்ஜும் சரியாக அமைந்தபின் மிஞ்சும் மாற்றம் சிறிது என்பது என் கணிப்பு.

2. உடலுக்குப் பலா நல்லது. தஞ்சாவூர் வீணைக்குக் காலங்காலமாக அதைத்தான் குடைகிறார்கள். உளிக்கு இணங்கும், மஞ்சளாக இருந்து ஆண்டாக ஆகப் பழுப்பேறும். பூவரசும் தேக்கும் ஆகும். வேம்பில் ரேகை முறுக்கிக்கொண்டு போவதால் இழைப்புளி பிய்க்கும், அதனால் கூர் நன்றாக இருக்க வேண்டும். மலைவேம்பு எடை குறைவு, ஆனால் மென்மை. திருகாணி ஏறும் இடங்களில் கெட்டி மரத்துண்டு பதித்துக்கொள். 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடல் 2 கிலோவை ஒட்டி நின்றால் தோளுக்குச் சுகம். ஈட்டி, சந்தனம் உன் நிலத்திலேயே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கோடரி வைக்காதே.

3. காய வை. இந்தத் தொழிலில் பாதி இதுதான், ஆனால் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

மரம் விழுந்தவுடன் வெட்டுமுகம் இரண்டிலும் பெயின்டோ உருக்கிய மெழுகோ பூசு. ஈரம் பக்கங்களைவிட முனைகள் வழியாகத்தான் பல மடங்கு வேகமாக ஓடும். முனை முந்திக் காய்ந்தால் வெடிப்பு உள்ளே இறங்கிவிடும். மில்லில் அறுக்கும்போது நடுத்தண்டு எந்தப் பலகையிலும் வராமல் தள்ளச் சொல். இறுதித் தடிமன் 45 வேண்டுமென்றால் 55 அறு. காயும்போது சுருங்கும், வளையும், இழைத்துச் சமன் செய்ய இடம் வேண்டும். தரையைத் தொடாமல், பலகைக்குப் பலகை ஒரே தடிமனான ரீப்பர் துண்டு கொடுத்து, அந்தத் துண்டுகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்படி அடுக்கு. மேலே பாரம் வை. காற்று வரட்டும், வெயில் வேண்டாம்.

தேய்பிறையில் வெட்டினால் பூச்சி விழாது என்பார் பெரியவர்கள். தேய்பிறையிலேயே வெட்டு. கூடவே போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரையும் பூசிவிடு. வெள்ளைப் பகுதியில்தான் பூச்சி முட்டையிடும், வைரத்தில் அவ்வளவாக இல்லை.

எவ்வளவு நாள்? அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அதைவிட நம்பகமானது தராசு. ஒரு பலகையில் தேதியும் எடையும் எழுதி மாதாமாதம் நிறு. எடை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். ஐப்பசி அடைமழையில் கொஞ்சம் ஏறும், சித்திரையில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சினால் மரம் உன் ஊர்க் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

4. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காய்ந்து முடிந்த மரத்தைத் தேடு. இடித்த வீட்டின் நிலை, உத்திரம், பாட்டியின் கட்டில் கால். குவீன் குழுவின் பிரையன் மே தன் அப்பா ஹெரால்டோடு 1963-இல் செய்யத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்' அப்படிப்பட்டது. நெக், பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து வந்தது. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடலில் பழைய மேசையின் ஓக். ட்ரெமலோவின் ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அந்தக் குழுவின் இசைத்தட்டுகளில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தக் கட்டையைத்தான். பழைய மரத்தில் வாள் வைக்கும் முன் காந்தத்தால் தடவி ஆணி இருக்கிறதா என்று பார். விரல்பலகைக்குப் பழைய ஈட்டிச் சாமானின் ஒரு துண்டு, அல்லது புளியமர வைரம். கருங்காலி மாலை மோகம் வந்தபிறகு, கருங்காலி என்று சொல்லி விற்பதையெல்லாம் வாங்காதே. கறுப்புச் சாயம் கையில் ஒட்டும்.

5. கிட்டார் என்பது நெக்தான். உடல் கோணலாக இருந்தால் பார்வைக்குத்தான் குறை. நெக் கோணினால் வாசிக்கவே முடியாது. சாதாரணக் கம்பிக் கட்டு ஒன்று மொத்தமாக 45 கிலோ அளவுக்கு இழுக்கும், இரவும் பகலும். ஆகவே ரேகை நீளவாட்டில் ஓடும், முடிச்சில்லாத துண்டு வேண்டும். முனையில் பார்த்தால் வளையங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி ஒரே துண்டு கிடைக்காவிட்டால் மூன்று பட்டைகளை, நடுப்பட்டையின் ரேகையைத் திருப்பிவைத்து ஒட்டு. தேக்கென்றால் பசை போடும் முன் தின்னரால் துடை, அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு இருபுறமும் திருகக்கூடியதாக வாங்கு. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முரட்டு வடிவம் செதுக்கியதும் சில வாரம் சும்மா போடு. உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விட்டு மரம் அசையும். அசைந்தபின் மறுபடி மட்டம் பார்த்து இழை.

6. ஃபிரெட் கணக்கில் கண்ணளவு உதவாது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். அதை 17.817-ஆல் வகு: 36.37. முதல் ஃபிரெட் அங்கே. மிச்சத்தை மறுபடி 17.817-ஆல் வகு, இப்படியே போ. 12-ஆவது சரியாக 324-இல் விழுந்தால் கணக்கு சரி. ஆனால் பலகையில் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அள. ஒன்றிலிருந்து அடுத்தது என்று தாவினால் சின்னப் பிழைகள் சேர்ந்து கடைசியில் அபசுரமாக நிற்கும்.

648 என்பது கணக்குக்குத்தான். அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதி ஏறுவதால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் சற்றுப் பின்னால் போக வேண்டும். மெல்லிய கம்பிக்கு ஓரிரு மில்லிமீட்டர், தடித்ததற்கு இன்னும் கூட. பின்னால் நகர்த்த இடம் விட்டு பிரிட்ஜைப் பொருத்து.

7. உடலின் நடுக்கோட்டைக் கடைசி உப்புத்தாள் வரை அழிக்காதே. துளை போடும் முன், நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு இரண்டு ஓரக் கம்பிகள் போகும் வழியில் நூல் கட்டிப் பார்.

8. ரௌட்டரில் ஒரே மூச்சில் ஆழம் போகாதே, ஐந்தைந்து மில்லிமீட்டராக இறங்கு. முகமூடி கட்டு; தேக்கு, ஈட்டித் தூள் சிலருக்குத் தோலையும் மூச்சையும் பாதிக்கும். உளியே போதும் என்பவர்கள் உளியாலேயே குடையலாம். பிக்கப் குழியின் உள்ளழகை யாரும் பார்க்கப்போவதில்லை.

9. பிக்கப்பை முதல் தடவை வாங்கிக்கொள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றுவது தனித் தொழில்; இரண்டாவது கிட்டாருக்கு வைத்துக்கொள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500. குழிகளுக்குள் செம்புத் தகடு ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் இரைச்சல் குறையும். பிரிட்ஜிலிருந்து எர்த்துக்கு ஒரு கம்பி கண்டிப்பாகப் போக வேண்டும். அப்படிப் போட்டபின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்துவிடுகின்றன. வீட்டு பிளக்கில் எர்த் செத்துப்போயிருந்தால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைக்கும்போது ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. வாசிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது பின்னைச் சோதிக்கச் சொல்.

10. பூச்சுக்கு அரக்கு பாலிஷ் போதும். பலாவின் நிறத்தை பெயின்ட் அடித்து மறைப்பதை மட்டும் என்னால் சகிக்க முடியாது.

11. கம்பி மாட்டிய அன்றே உயரம் சரிசெய்ய உட்காராதே. சுருதி சேர்த்து ஒரு வாரம் விடு, இழுவைக்கு நெக் பழகட்டும். பிறகு முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒன்றாக அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார். மெல்லிய விசிட்டிங் கார்டு நுழையும் அளவு போதும். கூடுதலென்றால் டிரஸ் ராடை இறுக்கு, இல்லவே இல்லையென்றால் தளர்த்து. ஒரே நாளில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மழைக்காலம் வந்ததும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், டிரஸ் ராடின் சாவியைத் தொலைத்துவிடாதே.