வீட்டில் பாடம்: எழுத்துத் தடுமாறும் குழந்தைக்கு

டிஸ்லெக்சியாவுடன் கணக்கிலும் கவனத்திலும் இடர்ப்படும் குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்க எண்ணும் பெற்றோர், முதலில் அதன் பார்வையையும் செவித்திறனையும் சோதித்தறிதல் வேண்டும்.

தமிழ் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கெ’ என்னும்போது செவி முதலில் கேட்பது ககர ஒலியை. கண் முதலில் காண்பதோ ஒற்றைக்கொம்பை. ‘கொ’ என்பதில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. கேட்ட வரிசையிலேயே எழுத முயலும் குழந்தை கொம்பைப் பின்னால் இடக்கூடும். அதைச் சோம்பல் என்று அடிப்பது தகாது. தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பி, ஒலியை உரக்கச் சொல்லியவாறே விரலால் எழுதச் செய்யுங்கள். ஒரு வாரத்திற்கு ஒரு குறி போதும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் தொட வேண்டா. ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம். கவனம் சிதறினால் பத்து. கூட்டலுக்குப் புளியங்கொட்டையை விஞ்சிய கருவியை நாங்கள் கண்டதில்லை. அறிவியலையும் வரலாற்றையும் நீங்களே படித்துக் காட்டுங்கள். வாசிப்புத் தேறும்வரை அவை காத்திருக்கலாகாது.

ஆயினும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து குழந்தையின் பெயரை நீக்காதீர்கள். இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும் பெற மருத்துவச் சான்று தேவை. விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்லும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் கலந்துகொள்ளுங்கள்.

மதிப்பீட்டிற்கு வரும்போது பழைய நோட்டுப் புத்தகங்களைத் திருத்தாமல் அப்படியே கொண்டு வாருங்கள். அடித்தல் திருத்தல்களும் எங்களுக்குப் பயன்படும்.